ஒழிப்பு அண்ணனின் வாய்

கண்டி மாவட்டத்துப் போதைப்பொருள் அத்தனையையும் வாயாலேயே ஒழித்துக்கட்டப் பிறந்தவர், எங்கள் கெலிஓயா ஆட்டோ ஸ்டாண்டின் 'ஒழிப்பு' அண்ணன். அந்த வாய் நிறைய எந்நேரமும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை.

வாத்தியார் வேலைக்கு நான் தினமும் பேராதனைக்குப் போவது அவர் ஆட்டோவில்தான். ஏறினதும் பிரசங்கம் தொடங்கிவிடும். தூள் ஊசி போட்டால் ஈரல் போகும், ஐஸ் அடித்தால் புத்தி பேதலிக்கும். ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு துப்பு. காற்று அதை அப்படியே பின் சீட்டுக்குக் கொண்டுவரும். வலப்பக்கம் உட்கார்ந்தால் வெள்ளைச் சட்டை அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் இடப்பக்க மூலையில் ஒட்டிக்கொண்டே போவேன்.

சவாரிக்கு வரும் இளவட்டங்களின் இமையை விலக்கிக் கண்ணைப் பார்ப்பார். கண்நோவோடு பெண் பார்க்கப் போன ஒரு மாப்பிள்ளையை, கண் சிவந்திருக்கிறதென்று நேரே பொலிசில் இறக்கிவிட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு முறிந்தது.

"அண்ணே, நீங்க போடுறதும் போதைதானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்னா சார் படிச்ச மனுசன் பேசுறீங்க? சாமிக்கு வைக்கிற சாமான் எப்புடி போதையாகும்?"

நிரூபிக்கிறேன் என்று மறுநாள் காலை வெற்றிலையை விட்டார். பத்து மணிக்குள் சக டிரைவர்களோடு சண்டை, மணி பலமாக அடிக்கிறதென்று கோயில் பூசாரியோடு சண்டை. பதினொரு மணிக்கு மறுபடி கன்னம் உப்பியிருந்தது. வெயிலில் தலை இடித்ததாம். அன்றைக்கு விடியக்காலையிலிருந்தே தூறல்.

பிறகு சம்பல் எரிகிறதென்று உறைப்பை விட்டார். ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து உள்ளே தள்ளினார். ஒருவழியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனோம். டொக்டர் மூன்று விரலை வாய்க்குள் விடச் சொன்னார். ஒன்றே போகவில்லை. பாக்கு வாயை இறுக்கிவிட்டது, புகையிலையும் சேர்ந்து புற்று வைத்துவிட்டது என்றார் டொக்டர். தனக்குப் பிறவியிலேயே சின்ன வாய் என்று விளக்கம் சொன்னார், கெலிஓயாவிலேயே பெரிய வாய்க்காரர்.

தாடையில் பாதியையும் நாக்கில் பாதியையும் எடுத்தார்கள்.

தூள் விற்கிறவனைப் பிடிக்க பொலிஸ் ஓடுகிறது. இந்த எழவோ ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில், வாழைக்குலைக்குப் பக்கத்தில் பகிரங்கமாகத் தொங்குகிறது. கல்யாணத்தில் நாமே தட்டில் வைத்து நீட்டுகிறோம்.

இப்போது மறுபடி ஆட்டோ ஓட்டுகிறார், முகக்கவசத்தோடு. போன வாரம் ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்த டிரைவர் ஒருவன், வாய் நிறையக் குதப்பிக்கொண்டு நின்றான். அண்ணன் அவன் முன்னால் போய் நின்று முகக்கவசத்தைக் கீழே இழுத்தார். அவ்வளவுதான். அவன் ஓடிப்போய் ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் துப்பினான்.

அண்ணன் திரும்பி வந்து ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணினார். நான் வலப்பக்கமாக ஏறி உட்கார்ந்தேன். பேராதனை வரைக்கும் ஒரு சொல் இல்லை. என்னிடம் உள்ள வெள்ளைச் சட்டை அத்தனையும் நாசமாகப் போகட்டும், இந்த மனுசன் ஒரேயொரு தரம் திரும்பி என்னை ஏசினால் போதும்.