வலது முட்டி மச்சானுக்கு, இடது முட்டி அண்ணனுக்கு

பாப்பிரெட்டிப்பட்டியில் இருபத்தெட்டு வருஷமாக உரக்கடை வைத்திருப்பவன் நான். நோவு கண்ட இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து காட்டினால் போதும், வந்தவர் வாயைத் திறப்பதற்குள் மருந்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவேன். எதிராளியைப் பேசவிட்டால் நேரம் போகும் என்பது என் கொள்கை. (பயிர் திருப்பிப் பேசாது, அதனால் தொழில் ஓடியது.) அதே கொள்கையை என் மனைவியின் முழங்காலிலும் நடத்திக் காட்டினேன். அந்த லட்சணத்தைத்தான் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

சரோஜா சித்தேரி மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தாள். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், மலை பஸ்ஸின் முதல் படி அவளுக்கு மலையைவிட உயரமாகிவிட்டது. முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டிய வாரமே தர்மபுரிக்கு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, “ஜெல் ஊசி போட்டுப் பாக்கலாங்க. ஹயலூரானிக் ஆசிட்னு பேரு. முட்டிக்குள்ள வழவழப்பு குடுக்கும். ஒரு முட்டிக்கு ஒரே ஊசியா போடறதும் இருக்கு, வாரத்துக்கு ஒண்ணுன்னு மூணு ஊசியா போடறதும் இருக்கு. இவங்களுக்கு ரெண்டுல எது போட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. கேட்டாலும் அஞ்சாறு வாரம் ஆவும். தொடைக்குப் பயிற்சி கட்டாயம் செய்யணும்” என்றார்.

சரோஜா விரல்விட்டு எண்ணினாள். “அப்ப ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள பஸ் ஏறிடுவனுங்களா டாக்டர்? ஒரே ஊசி போதுங்க. இன்னிக்கே போட்டுருங்க.”

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவிட்டால் நான் எதற்கு இருக்கிறேன்?

“அவ கெடக்கறா டாக்டர். நாங்க வூட்ல கலந்து பேசிட்டு வர்றோம்” என்று எழுந்துவிட்டேன்.

கலந்து பேசுவதென்றால் சாமானியமா? அந்த ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். மாமன் வந்து நிற்காமல் மணவறை இல்லை, பங்காளி வந்து கைவைக்காமல் பந்தக்கால் இல்லை. இரு பக்கமும் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தால், “எங்களை ஒரு வார்த்தை கேட்டியா?” என்று கல்யாணத்தன்று மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார்கள். சரோஜாவின் அண்ணன், அதாவது என் மச்சான், போர்வெல் லாரியோடு ஆந்திராவில் இருந்தார். அவர் வர இரண்டு வாரம். என் அண்ணனுக்கு மண்டியில் புளி சீசன். அவருக்குக் கை ஓய இன்னும் பத்து நாள். சரோஜா முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக எங்கள் வீட்டில் மாநாடு கூடியது.

“ஒரே ஊசி, மாப்ள. எறக்குனா ஒரே எறக்கா எறக்கணும். பாதியில நிறுத்துன போர்ல தண்ணி வருமா?” என்றார் மச்சான்.

“யூரியாவ ஒரே தடவையா கொட்டுவியாடா? பிரிச்சுத்தான போடுவ? மூணு ஊசிதான் சரி” என்றார் அண்ணன்.

இருவருக்கும் முட்டியைப் பற்றித் தெரிந்தது, அது காலில் இருக்கிறது என்பது மட்டும். பேச்சு முற்றியது. மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டார். அண்ணன் செருப்பைத் தேடினார். கல்யாணம் கண்முன்னே கலைவது தெரிந்தது. அப்போதுதான் எனக்கு அந்த ஞானோதயம் வந்தது.

“எதுக்குங்க சண்டை? முட்டி ரெண்டு இருக்குதில்ல? வலது முட்டிக்கு மச்சான் சொன்னது, இடது முட்டிக்கு அண்ணன் சொன்னது!”

இருவரும் உட்கார்ந்தார்கள். காபி கேட்டார்கள். சரோஜாதான் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் போட்டுக் கொண்டுவந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று என் சமயோசிதத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் பேனாவை மூடிவிட்டார்.

“ஊசி ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?”

“ஒருத்தருக்குத்தானுங்க. வலது எங்க மச்சான் பக்கம், இடது எங்க பக்கம்.”

நர்ஸ் திரும்பி நின்று சிரித்தாள். “போட்டா தப்பில்லங்க, ஆனா எதுக்கு?” என்று டாக்டர் சரோஜாவைப் பார்த்துக் கேட்டார். அவள் தரையைப் பார்த்தபடி, “போட்டுருங்க டாக்டர், ஏற்கனவே நாளாயிடுச்சு” என்றாள். மே மாதம் முடியப்போகிறது என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் உறைத்திருந்தது.

பள்ளிக்கூடம் திறந்த நாள், இடது முட்டிக்கு இரண்டாவது ஊசிதான் போட்டிருந்தது. வலது முட்டி இன்னும் விறைப்பாகவே இருந்தது. பஸ் வந்தது. சரோஜா கம்பியைப் பிடித்து ஒரு காலை வைத்தாள். அடுத்த கால் எழவில்லை. நான் பின்னாலிருந்து மூட்டை ஏற்றுவதுபோல் தள்ளினேன். உள்ளே அவள் சோறு போட்ட பிள்ளைகளின் அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். கை நழுவி, நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். டிபன் டப்பா உருண்டு பஸ்ஸுக்கு அடியில் போனது.

கண்டக்டர் நல்ல மனிதர். “முடியலன்னா வுட்டுருங்களேம்மா” என்றார்.

ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று மூன்று நாள் மலை ஏறினேன். நாலாம் நாள், “கடையை யார் பாக்கறது?” என்று நானே பின்வாங்கினேன். அந்த வார முடிவில் அவள் வேலையை விட்டு நிற்பதாக எழுதிக் கொடுத்தாள். கடிதத்தை என்னிடம் காட்டவில்லை.

கேவலம் என்னவென்றால், ஊசி கேட்டது. ஆடி முடிவதற்குள் இரண்டு முட்டியும் ஒன்றுபோலத் தேறின. கல்யாணத்தில் சரோஜா மண்டபம் முழுக்க நடந்தாள். “பாத்தியா, நம்ம வலது!” என்று மச்சான் மீசையைத் தடவினார். “இடது தாங்குதுடா, அதான்” என்றார் அண்ணன். மலை பஸ் தினமும் எங்கள் தெருமுனையில்தான் நிற்கிறது. இப்போது அவளால் தாராளமாக ஏற முடியும். ஏறி எங்கே போவது?

போன மாதம் அவளுக்குக் கண்புரை. மகளும் நானும் கூடப் போயிருந்தோம். எந்த லென்ஸ் வைப்பது என்று கண் டாக்டரம்மா இரண்டு வகை சொன்னார். நான் தொண்டையைச் செருமினேன். சரோஜா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“இவரு கொஞ்ச நேரம் வெளிய ஒக்காரட்டுமுங்க” என்றாள்.

உட்கார்ந்தேன். அன்றிலிருந்து வீட்டில் புடவை எடுப்பதா, மிக்ஸி வாங்குவதா, எந்தப் பேச்சு வந்தாலும் மகள், “அப்பா, நீங்க வெளிய ஒக்காருங்க” என்கிறாள். மாப்பிள்ளை சிரிக்கிறார். மச்சானும் அண்ணனும்கூட, தங்களுக்கு இதில் சம்பந்தமே இல்லாததுபோல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைக்கிறேன். சரோஜா மட்டும் சிரிப்பதில்லை. அவள் அதைத் தமாஷுக்குச் சொல்லவில்லை.