முருகையனின் இரண்டு இடக்கண்கள்

முருகையனுக்கு முதலில் துரோகம் செய்தவர் ராஜாராம். பின்னால் பலர் செய்தார்கள். ஆனால் வரிசையில் முதலிடம் அவருக்குத்தான், அதை யாரும் பிடுங்க முடியாது.

செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கான கண் முகாம் நடந்தது. ராஜாராம் அதன் பொறுப்பாளர். கண்ணுக்குள்ளே விழித்திரையைப் படம் எடுத்து, சர்க்கரை அதைக் கெடுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கெட்டிருந்தால் ஒரு சீட்டு. சீட்டைக் காட்டினால் பெரிய ஆஸ்பத்திரியில் இலவச லேசர். நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் முருகையனுக்குப் பதினாலு வருஷச் சர்க்கரை. ஒரு மாதமாக வலக்கண்ணில் கறுப்பு நூல் மிதந்தது. அந்தச் சீட்டுக்காகத்தான் போனார்.

இடக்கண் பளிச்சென்று படத்தில் விழுந்தது. வலக்கண் மூன்று தடவை எடுத்தும் மங்கல். ஒரு முகாமில் ஐந்து மங்கல் படங்களுக்கு மேல் இருக்கலாகாது என்பது மேலிடத்து உத்தரவு. முருகையனுடையது ஆறாவது.

ராஜாராம் சற்று நேரம் மக்கள் நலனைப் பற்றி யோசித்தார். பிறகு இடக்கண்ணையே இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார். இரண்டும் ஒரே கண்ணாகிவிடுமே என்று கேமராவில் இருந்த பாரதி தயங்கினாள்.

"இடம் வலமா திருப்பிப் போடும்மா. கண்ணுல பேரா எழுதியிருக்குது?"

முருகையனுக்குக் கண்தான் மங்கல், காது நன்றாகவே கேட்டது. ஆட்சேபித்தார். அதற்குள் அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரு கண்களும் நலம் என்று ரிப்போர்ட் வந்தது. வீட்டில் சுந்தராம்பாள் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, இனிமேல் சொம்பைத் தட்டிவிட்டால் கண்ணைச் சாக்குச் சொல்லக் கூடாது என்று புருஷனை எச்சரித்தாள்.

இரண்டு வாரத்தில் நூல் துணியாகிவிட்டது. முருகையன் ராஜாராமின் அலுவலகத்துக்குப் போனார்.

"சார், வலக்கண்ணு தெரியல."

"தெரியுது பெரியவரே. ரிப்போர்ட்ல இருக்குது."

"கண்ணு என்னுது சார்."

"கண்ணு உங்களுதுதான். நீங்க சொல்றது அபிப்ராயம், இது ஆவணம்."

அனந்தபுரத்து முகாமுக்கு பஸ் ஏறினார். நலமாக இருப்பவரை அதே ஆண்டில் மறுபடி படம் எடுக்க விதியில்லை என்றார்கள். அடுத்த ஆண்டு வரலாம், அதுவரை நலமாகவே இருக்க வேண்டும்.

கடைசியில் ராஜாராமே மனமிரங்கி மறுபரிசீலனைப் படிவம் கொடுத்தார். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் அதைப் படித்து, 'படித்தேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். படித்துவிட்டால் கண் நலம், மனு தள்ளுபடி. படிக்க முடியாவிட்டால் பொய்க் கையெழுத்து, மனு தள்ளுபடி.

"இன்னா சார், எந்தப் பக்கம் போனாலும் முட்டுது?"

"எல்லாருக்கும் ஒரே விதி பெரியவரே. அதுதான் நியாயம்."

நல்ல கண்ணையே இரண்டு தடவை படம் எடுக்கும் உத்தி மற்ற முகாம்களுக்கும் பரவியதால், அந்த ஆண்டு வட்டாரத்தில் கண் கெட்டவர் ஒருவரும் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. ராஜாராமுக்குப் பாராட்டு விழா. ஜனங்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பார்வைக் குறை உள்ளவர் யாரேனும் இருந்தால் கை தூக்கலாம் என்று ராஜாராம் மைக்கில் கேட்டார். முருகையன் தூக்கினார். அவர் தோளைப் பிடித்து வந்த விநாயகம் தூக்கவில்லை.

"நீயும் தூக்குடா. உனக்குந்தான தெரியல?"

"ரிப்போர்ட்ல நலம்னு போட்டிருக்குது மாமா. எனக்கு நல்லாருக்குதுன்னு எழுதிக் குடுத்தது அது ஒண்ணுதான். அதையும் கெடுத்துக்கச் சொல்றியா?"

மேடையில் இருந்த ராஜாராம், கூட்டத்தில் ஒரு பெரியவர் தன்னைக் கை தூக்கி ஆசீர்வதிப்பதாக அறிவித்தார். மண்டபமே கைதட்டியது.

முருகையன் கையை இறக்கவில்லை. அவருக்கு வரவேண்டிய வலக்கண் படம் ஒன்று இன்னும் பாக்கி.