தீயணைப்பு வண்டியின் கைகள்

பேக்கிங் டேப்பைக் கத்தி கிழிக்கும் சத்தம் எங்கே கேட்டாலும் என் வலது கை தானாக உயர்ந்து, இல்லாத கைப்பேசியைப் பிடித்துக்கொள்கிறது. மூச்சு அடங்குகிறது. சிங்கப்பூரின் தோ பாயோவில் நான்கு வருடம் பக்கத்து வீட்டுக்காரராக இருந்த வீடியோ அண்ணன் கொடுத்த பயிற்சி அது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, சரிதானா என்று அடையாள அட்டையை எடுத்து ஒப்பிடக்கூடிய ஒரே மனிதர் இந்தத் தீவில் அவர்தான்.

தொழில், ஏர்கான் பழுதுபார்ப்பது. ஆசை, ரோபோ பொம்மைகள். லாரியாக, விமானமாக, கிரேனாக இருந்து, மடக்கி விரித்தால் மனிதனாக எழுந்து நிற்பவை. அசல் அல்ல, இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நகல்கள். தேக்கா மார்க்கெட்டில் கடைக்காரரின் தராசை நம்பாமல் சொந்தமாக ஒரு தொங்கு தராசைச் சட்டைப்பையில் கொண்டுபோகிறவர், போலியைத் தேடி வாங்குவானேன்?

"அசல்னு சொல்றவன் பொய் சொல்லலாம். போலின்னு சொல்றவன் எதுக்குடா பொய் சொல்லப் போறான்? தானா ஒத்துக்கிறான் பாரு, அவன்தான் யோக்கியன்."

ஒருமுறை ஒரு விற்பனையாளர் 'நூறு விழுக்காடு அசல்' என்று பதில் அனுப்பினார். அண்ணன் அந்த நிமிடமே ஆர்டரை ரத்து செய்தார். "இந்த விலைக்கு அசலா? கேடி!"

பார்சல் வந்தால் என் கதவு தட்டப்படும். ஏதாவது குறைந்தால் விற்றவனிடம் காட்ட, பெட்டியின் ஆறு பக்கங்களையும் நான் கைப்பேசியில் வீடியோ பிடிக்க வேண்டும். கடத்தப்பட்ட பிள்ளையைப் போல அது அன்றைய நாளிதழின் மேல் உட்கார்ந்திருக்கும், தேதிக்கு ஆதாரமாக. பிறகு, "சாட்சி பேரச் சொல்லு" என்பார். சொல்வேன். "சத்தமா சொல்லுலா, சாவு வீட்ல பேசற மாதிரி இருக்கு." அப்புறம்தான் கத்தி இறங்கும்.

அன்று வந்தது சிவப்புத் தீயணைப்பு வண்டி. மூடி திறந்ததும் புது பிளாஸ்டிக் நெடி குப்பென்று எழுந்து என் மூக்கில் ஏறியது. தும்மிவிட்டேன்.

அண்ணன் வண்டியை மடக்கினார், திருப்பினார். கால் வந்தது, தலை வந்தது, தோள் வந்தது. கைகள் இரண்டும் மணிக்கட்டோடு நின்றுவிட்டன. அசல் பொம்மையின் படங்களை அவர் மனப்பாடம் செய்திருந்தார். அதில் விரல் மூடிய கைகள் தனியாக ஒரு சின்னப் பையில் வரும். இந்தப் பெட்டியில் பையே இல்லை.

வீடியோவை ஓட்டினார். நடுவில் மூன்று வினாடி பெட்டி காணாமல்போய், கூரையும் மின்விசிறியும் ஒரு பல்லியும் தெரிந்தன.

"இந்த மூணு செகண்ட்ல என்ன நடந்துச்சு?"

"தும்மினேண்ணே."

"தும்முன. யாரு இல்லைன்னா? அப்புறம்?"

அவர் மனைவி ஸ்டெல்லா அண்ணி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துறேன். தொலைஞ்சது கிடைச்சிரும்."

"அவரு பொருளத் தேடிக் குடுப்பாரு. எடுத்தவன் யாருன்னு சொல்லுவாரா?" என்றார் அண்ணன், பார்வையை என் சட்டைப்பையிலிருந்து எடுக்காமல்.

அந்தச் சனிக்கிழமை நான் செங்காங்குக்கு வீடு மாற வேண்டியிருந்தது. நான்கு வருடம் ஒரே நடைவழியில் காற்றையும் மீன்குழம்பு வாசத்தையும் பகிர்ந்துகொண்டுவிட்டு, கடைசியில் இரண்டு பிளாஸ்டிக் கைகளைத் திருடியவன் என்ற பெயரோடு போவதா? தூக்கம் வரவில்லை. நான் எதிரே வந்தால் அண்ணன் என்னை விட்டுவிட்டுக் கொடியில் காயும் துணியைப் பார்த்தார். மூன்றாம் நாள் எனக்கே என்மீது சந்தேகம் வந்துவிட்டது. சட்டைப்பைகளைத் துழாவினேன். துணி துவைக்கும் இயந்திரத்தின் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன்.

சனிக்கிழமை பெட்டிகள் வெளியேறின. அண்ணன் தன் வாசலில் நின்று ஒவ்வொன்றையும் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தார்.

"இதுல என்ன?"

"புத்தகம்ணே."

"புத்தகம் குலுங்குமா?"

அவர் அதைக் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அண்ணி அலறினார். "ஏங்க! இங்க வாங்க! கை மொளச்சிருச்சு!"

நானும் ஓடினேன். மெழுகுவத்தி வைக்க இடம் ஒதுக்கியபோது அண்ணியின் கட்டைவிரல் ரோபோவின் முழங்கையை அழுத்தியிருக்கிறது. டக். மணிக்கட்டுக்குள் மடங்கிக் கிடந்த கை வெளியே குதித்திருக்கிறது. அடுத்த முழங்கையை அண்ணன் அழுத்தினார். டக். அசலில் தனியாக வந்து தொலைந்துபோகக்கூடிய கைகளை, நகல் எடுத்தவன் யாரோ உட்கார்ந்து யோசித்து உள்ளேயே ஒளித்துவைத்திருக்கிறான்.

அண்ணன் இரண்டு கைகளையும் உள்ளே தள்ளி மறுபடி அழுத்திப் பார்த்தார். "காப்பியடிச்சவன் இவ்வளவு யோசிப்பான்னு நான் நினைக்கலடா" என்றார். மன்னிப்பு அவ்வளவுதான். அண்ணி மெழுகுவத்தியை ஏற்றினார். நான் போய் என் கடைசிப் பெட்டியை மின்தூக்கிக்குள் தள்ளினேன்.

கீழே லாரி உறுமத் தொடங்கியபோது அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் தீயணைப்பு வண்டிப் பெட்டி. டேப்பை மூன்று சுற்று சுற்றி ஒட்டியிருந்தார். ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார்.

"உனக்குத்தான். வீடியோ எடுத்துக்கிட்டே பிரி."

"எதுக்குண்ணே? உங்களையுமா சந்தேகப்படணும்?"

லாரி நகர்ந்தது. கூடவே நாலு எட்டு நடந்தார்.

"படணும்லா. உள்ள வண்டியோட ஏணி இருக்காது, தேடாத. நான்தான் எடுத்து வச்சிருக்கேன். நேர்ல வந்து வாங்கிக்க."