துரைசானிக்கு நான் கொடுத்த மரியாதை

மரியாதை கொடுப்பதில் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை. என்னைக் கவிழ்த்ததும் அதுதான்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஈப்போவில் ஏழாவது வரை இங்கிலீஷ் படித்துவிட்டு, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் எடுபிடியாக இருந்தேன். சின்னக் கிராணி, அதாவது சின்ன குமாஸ்தா வேலை காலியாக இருந்தது. அது கிடைத்தால்தான் மாமா தன் மகள் ராசாத்தியைக் கொடுப்பார். ("கிராணியா வா, பொண்ணு தாரேன். சும்மா வந்தா தேத்தண்ணிதான்.")

துரை சீமைக்குப் போய்க் கல்யாணம் முடித்துத் திரும்பினார். துரைசானியை வரவேற்று இங்கிலீஷில் பேச வேண்டிய பெரிய கிராணிக்குப் பல்வலி. கன்னம் பப்பாளி மாதிரி வீங்கிவிட்டது.

"தம்பி, நீ பேசிடு. நல்லாப் பேசினா அந்த நாற்காலி உனக்குத்தான்" என்றார்.

நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் துணிந்தேன். ஏனென்றால் இங்கிலீஷின் ரகசியத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். தமிழில் 'வா' என்பது சின்னவனுக்கு, 'வாருங்கள்' என்பது பெரியவருக்கு. நீளம்தான் மரியாதை. இங்கிலீஷ் மட்டும் வேறு மாதிரியா இருந்துவிடும்? அகராதியில் ஒரே குணத்துக்கு நாலைந்து வார்த்தைகள் இருந்தன. துரைக்கும் துரைசானிக்கும் இருப்பதிலேயே நீளமானதாகப் பொறுக்கினேன்.

பங்களா வாசலில் தோட்டமே கூடியிருந்தது.

துரைசானி ஒல்லி. 'ஸ்லிம்' என்றிருந்தால் பூரித்திருப்பார். நான் 'எமேசியேட்டட்' என்றேன். பட்டினி கிடந்து எலும்பும் தோலுமானவர்களைச் சொல்வது அது. துரை தோட்டத்தில் பழையவர். 'சீனியர்' என்றால் போதும். நான் 'ஆன்டிகுவேட்டட்' என்றேன். காலாவதியான சாமான்களுக்கு அந்தப் பட்டம். பக்கத்தில் அவர்கள் நாய் நின்றது. நாய்க்கு எதற்கு மரியாதை என்று 'குட்' என்பதோடு விட்டுவிட்டேன்.

ஆக, அன்று ஒழுங்காகப் புகழப்பட்டது நாய் மட்டுமே.

இங்கிலீஷ் தெரியாத மாமா பலமாகக் கை தட்டினார். "என்னா நீளம் பாத்தியா மச்சான்" என்று பக்கத்தில் இருந்தவரை இடித்தார். துரையின் முகம் செம்பருத்தி ஆனது. நாற்காலியும் ராசாத்தியும் ஒன்றாகப் பறப்பது எனக்குத் தெரிந்தது.

துரைசானி பெரிய கிராணியைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் என்னிடம் கேட்டுவிட்டு, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் நீளக் கணக்கை விளக்கினார். கேட்கக் கேட்க துரைசானி சிரித்து, நிற்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் சிரித்ததும் துரைக்கும் மீசை ஆடியது.

"இந்த ஆள் கிராணி" என்றார் துரை, தன் தோட்டத் தமிழில். "ஆனா எழுத்து கூடாது. நம்பர் மட்டும்."

அப்படித்தான் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகைக்குக் கிராணி ஆனேன்.

"எழுத்தோ நம்பரோ, கிராணி கிராணிதான்லா" என்று மாமா பாக்கு வெற்றிலை மாற்றினார்.

இன்றும் நான் புதுச் சட்டை போட்டு எதிரில் நின்றால், ராசாத்தி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குட்" என்பாள்.

உடனே பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து குரைப்பார்கள்.