மூன்றாம் கட்டத்து யானை

பூபாலபிள்ளைக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் மொத்தம் ஐந்து. அவற்றை அவர் ஆண்டு ஒழுங்கில்தான் சொல்வார். ஒழுங்கு மாறினால் அநீதியின் கனம் குறைந்துவிடும் என்பது அவர் கட்சி.

முதலாவது, எண்பத்தாறு. வாய்க்கால் தண்ணீர் கேட்டு அவர் எழுதிய துண்டுப்பிரசுரம் றோணியோ மெசினில் முந்நூறு பிரதி ஓடியது. தண்ணீர் வந்தது. பிரசுரத்தின் அடியில் இருந்த பெயர் மட்டும் வேறொருவருடையது.

இரண்டாவது, தொண்ணூற்றிநாலு. நெல் விலை பற்றி அவர் எழுதியதை ஒரு வேட்பாளர் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். அவசரத்தில் பூபாலபிள்ளை 'விவாசாயி' என்று எழுதியிருந்தார். வேட்பாளரும் ஐந்து கூட்டங்களில் 'விவாசாயி' என்றே முழங்கினார்.

மூன்றாவது, தொண்ணூற்றெட்டு. சொந்தக் கலியாணம். அழைப்பிதழுக்கென அவரே இயற்றிய வாழ்த்துப்பாவை அச்சகத்துக்காரன் எடுத்து வைத்துக்கொண்டான். செங்கலடியில் அதற்குப் பிறகு ஐம்பது அறுபது சோடிகள் பூபாலபிள்ளையின் பாவில்தான் மணம் முடித்தார்கள். ஒரு சோடியாவது அவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை.

நாலாவது, இரண்டாயிரத்தாறு. பாலம் கேட்டு நானூற்றிப் பன்னிரண்டு ஒப்பம் சேர்த்தார். பாலம் கட்டிக் கல்லும் நட்டார்கள். கல்லில் பதினாலு பெயர். நாடா வெட்டக் கத்தரிக்கோல் கொண்டுவந்தவரின் பெயர்கூட இருந்தது. பூபாலபிள்ளை மூன்று தரம் போய் வாசித்துப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார்.

ஐந்தாவது, போன மாசியில் நடந்தது. கட்டிய மனைவி கண்ணகை அவரிடம் நானூற்றைம்பது ரூபாய் கேட்டாள்.

கண்ணகை இருபத்தாறு வருடம் கணினி படிப்பித்தவள். ஓய்வு பெற்ற பிறகு, தன்னிடம் படித்த ஏறாவூர் நிஸ்றாவைச் சேர்த்துக்கொண்டு போனில் விளையாடும் ஒரு கேம் செய்தாள். கணக்கும் கட்டளையும் கண்ணகை, படமெல்லாம் நிஸ்றா. பெயர் 'யானைக் காவல்'. விளைந்த வயல் வட்டைக்கு நடுவே பரணில் இருக்க வேண்டும். யானை வரும். வெடி போட்டு, தகரம் தட்டிக் கலைக்க வேண்டும். பத்துக் கட்டம் தாண்டினால் நெல் வீட்டுக்கு.

படுவான்கரையில் நிசமாகவே யானைக்குக் காவல் இருக்கிறவர்கள்தான் முதலில் வாங்கினார்கள். பரணில் இருந்தபடியே விளையாடினார்கள். ஒரு மாதம் நன்றாகப் போனது. பிறகு வாங்குவோர் இல்லை. விளையாடுவோர் மட்டும் கூடிக்கொண்டே போனார்கள். பஸ்ஸில் யானை பிளிறியது, சலூனில் பிளிறியது, செத்த வீட்டுப் பந்தலிலும் ஒரு மூலையில் பிளிறியது.

"நகல் எடுக்கிறானுகள் புள்ள. களவு" என்றார் பூபாலபிள்ளை.

"தெரியும்."

"எனக்கு நடந்த அதே அநீதி."

"உங்களுக்கு நடந்தா அநீதி. எங்களுக்கு நடந்தா நட்டம். நாங்க நட்டத்தப் பாப்பம், நீங்க அநீதியப் பாருங்க."

அவர் பார்த்தார். அன்றைக்கே 'நகல் விளையாட்டு எதிர்ப்புக் குழு' உருவானது. தலைவர் பூபாலபிள்ளை. செயலாளரும் அவரே. இந்த ஒரு போராட்டத்திலாவது வெல்ல வேண்டும், வென்றால் சனம் நிறைந்த மண்டபத்தில் தன் பெயர் சத்தமாக வாசிக்கப்பட வேண்டும். அறுபது வயதில் அவருக்கு வேறு ஆசை இல்லை.

"போன் கடைகளுக்கு முன்னால உண்ணாவிரதம் இரிக்கப் போறன்" என்றார்.

"எத்தின மணிக்கு?"

"எட்டரை தொடக்கம் பன்னெண்டரை."

"அது உண்ணாவிரதமில்ல. பள்ளிக்கூடம்."

சரி, தலைவருக்கு ஒரு கேமாவது போனில் ஏற்றித் தா என்று கேட்டார். அப்போதுதான் அவள் நானூற்றைம்பது கேட்டாள்.

"தலைவருக்குமா?"

"தலைவர்தானே முதல்ல வாங்கிக் காட்ட வேணும்."

"புருசனுக்கு?"

"புருசனுக்கு எண்டா சோறு சும்மா. கேம் காசுக்கு."

சொந்த வீட்டில் விலை கொடுத்து வாங்குவதை அவர் தன்மானம் ஏற்கவில்லை. வாங்கவில்லை.

அடுத்த நாள் எதிரியின் கோட்டைக்கே போனார். சந்தியில் மதுரனின் போன் கடை.

"யானைக் காவல் இரிக்கா?" என்று உளவாளியின் குரலில் கேட்டார்.

"இரிக்கு ஐயா. போனத் தாங்க, ரெண்டு நிமிசம்."

"எவ்வளவு?"

"போனுக்கு ஒரு கவர் எடுத்தா கேம் சும்மா."

மயில் கழுத்து நிறத்தில் ஒரு கவர் எடுத்தார். வெளியே வந்து கொப்பியில் எழுதினார்: 'சான்றுப் பொருள் இல. 1, கைப்பற்றப்பட்டது.' சான்றைக் கைப்பற்றினால் போதாது, பரிசோதிக்கவும் வேண்டும். பஸ் தரிப்பில் நின்றே பரிசோதனையைத் தொடங்கினார். மூன்று பஸ் போனது.

முதலாம் கட்டத்தை அன்றே முடித்தார். இரண்டாவதை மறுநாள். மூன்றாம் கட்டத்தில் ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று அசைந்து அசைந்து வந்தது. பரணுக்கு நேர் முன்னால் வந்து இருந்துகொண்டது. வெடி போட்டார். காதை ஆட்டியது. தகரம் தட்டினார். கொட்டாவி விட்டது. இருபது வெடிக்குப் பிறகு பரணின் கூரையைப் பிய்த்துத் தின்னத் தொடங்கியது. எவ்வளவு கோரினாலும் இருந்த இடம் விட்டு அசையாத ஒன்றை அவர் அதற்கு முன்னர் அரசாங்கக் கந்தோர்களில்தான் பார்த்திருந்தார்.

பதினொரு நாள் பொறுத்தார். பன்னிரண்டாம் நாள், கண்ணகையும் நிஸ்றாவும் மேசையில் வேலையாக இருக்கும்போது, வேட்டியைச் சரிசெய்துகொண்டு எதிரே வந்து நின்றார்.

"இஞ்ச புள்ள, உன்ட கேமில ஒரு பிழை இரிக்கு."

"என்ன பிழை?"

"மூண்டாம் கட்டத்தில அந்த ஒத்தைக் கொம்பன் எழும்புதில்ல."

நிஸ்றா சட்டென்று லெப்டொப்புக்குப் பின்னால் குனிந்தாள். தோள் மட்டும் ஆடியது. கண்ணகை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சனம் சொல்லுது."

"எந்தச் சனம்?"

"பொதுசனம்."

"பொதுசனம் எத்தின வெடி போட்டுப் பாத்ததாம்?"

"நூத்திப் பதினேழு."

நிஸ்றா தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிக் குசினிக்குள் ஓடினாள். குசினியில் ஒரு மூடி விழுந்த சத்தம் கேட்டது.

"இது பாரதூரமான குறைதான்" என்றாள் கண்ணகை, முகம் கொஞ்சமும் மாறாமல். "ஆனா ஒராள் சொன்னதுக்காக யானைய எழுப்ப ஏலா. கனபேர் சொல்ல வேணும்."

பூபாலபிள்ளையின் முதுகு நிமிர்ந்தது. இருபது வருடமாக அவரிடம் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை.

"மகஜர் தரவா?"

"தந்தா நல்லம். பேர், ஊர் போடுங்க. கேம எங்க எடுத்த எண்டும் எழுதினாத்தான் எங்களுக்குத் திருத்த லேசு. என்ன நிஸ்றா?"

"ஓம் டீச்சர்" என்றாள் குசினிக்குள்ளிருந்து நிஸ்றா. "எடுத்த இடம் கட்டாயம்."

'ஒற்றைக் கொம்பனின் அடாவடித்தனத்துக்கு எதிரான மக்கள் மகஜர்.' முன்னுரை, பின்னணி, ஏழு கோரிக்கை. சைக்கிளை எடுத்தார். செங்கலடி, ஏறாவூர், வந்தாறுமூலை, கிரான். சைக்கிள் சோர்ந்ததும் பஸ் பிடித்து ஓட்டமாவடி. தண்ணீருக்கும் பாலத்துக்கும் வீடு வீடாகப் படலையில் நின்று கெஞ்சி ஒப்பம் வாங்கியவர் அவர். இந்த முறை சனம் அவரைத் தேடி ஓடி வந்தது. தேநீர்க் கடையில் வரிசையில் நின்று ஒப்பமிட்டார்கள். மதுரனும் ஒப்பமிட்டான், தன் கடையையே எடுத்த இடமாக எழுதி. அவனுக்கும் யானை எழும்பவில்லையாம். அறுபத்தி மூன்று பேர். மக்கள் விழித்துக்கொண்டார்கள் என்று பூபாலபிள்ளைக்கு நெஞ்சு விம்மியது.

ஏறாவூரில் இடியப்பம் விற்கும் ஆயிஷா உம்மா ஒருத்திதான் குழப்பினாள்.

"எனக்கு அந்த யானை மூணு வெடியிலேயே போயிட்டே, தம்பி."

"போயிருக்காது."

"வால மடக்கிக்கிட்டுப் போன. நான் இப்ப எட்டாம் கட்டம். எங்கட புள்ள நிஸ்றா செஞ்ச கேமெண்டு காசு குடுத்து வாங்கின நான், பொய் சொல்லுவனா?"

அரசியல் விழிப்பு இல்லாத மனுசி என்று முடிவுகட்டி, அவளிடம் ஒப்பம் வாங்காமல் சைக்கிளைத் திருப்பினார்.

மகஜரை வீட்டில் கையளிக்கும்போது ஒரு நிபந்தனை வைத்தார். "இது அலுமாரிக்குள்ள போகப்படாது. ஞாயிற்றுக்கிழமை குழுவின்ட பொதுக்கூட்டத்தில பகிரங்கமா வாசிக்க வேணும். பேருகளோட. ஒண்டும் விடப்படாது."

"எல்லாப் பேருமா?"

"எல்லாம். மேலயிருந்து கீழ."

"சனம் வருமா?"

"நான் கொண்டுவாறன். நூறு சாட்சிக்கு முன்னால வாசி."

"நீங்க சொன்னாச் சரி" என்றாள் கண்ணகை. இருபத்தேழு வருடத்தில் அவள் இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. வேறு எவனாவது என்றால் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பான். பூபாலபிள்ளை நோட்டீஸ் அடிக்கப் போனார்.

ஞாயிறு நாலு மணி. பல்நோக்கு மண்டபத்தில் இருக்க இடமில்லை. ஒப்பமிட்டவர்கள் யானைக்கு என்ன முடிவு என்று அறிய வந்திருந்தார்கள். வாங்கியவர்களும் வந்திருந்தார்கள். முன் வரிசையில் ஆயிஷா உம்மா. பூபாலபிள்ளை நாற்பது நிமிடம் பேசினார்.

"நகல் எடுக்கிறவன் பொருளை மட்டுமா திருடுகிறான்? அடுத்தவன் உழைப்பைத் திருடுகிறான், பெயரைத் திருடுகிறான். போஸ்டர் ஒட்டி இவன் திருந்தமாட்டான். பொலிசுக்கும் அஞ்சமாட்டான். இவனுக்கு ஒரே மருந்துதான் இருக்கிறது. பெயரை ஊர் கேட்கச் சொல்ல வேண்டும்."

கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. சூட்டோடு சூடாக ஒரு தீர்மானமும் கொண்டுவந்தார்: நகல் எடுப்போரின் பெயர் இனிமேல் இம்மண்டபத்தில் பகிரங்கமாக வாசிக்கப்படும். அறுபத்தி மூன்று பேரும் கை உயர்த்தினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அதன்பின் கண்ணகை மகஜரோடு எழும்பினாள். பள்ளிக்கூடக் குரல். மைக் தேவைப்படவில்லை.

"மகஜருக்குப் பதில் சொல்லிப்போட்டு வாசிக்கிறன். யானை பிழையா இரிக்கல்ல. அது காவலுக்கு இரிக்குது. கேம் காசு குடுத்து வாங்கின போனில ஒத்தைக் கொம்பன் மூணு வெடியில போயிரும். நகல் எடுத்த போனில அது எழும்பாது. நானும் நிஸ்றாவும் அப்பிடித்தான் செஞ்சு வெச்ச."

மதுரன் தன் செருப்பை உற்றுப் பார்த்தான். நாலைந்து பேர் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள். கதவடியில் நிஸ்றா கதிரை போட்டு இருந்தாள்.

கண்ணகை தொடர்ந்தாள். "களவெடுத்தவங்க ஆரெண்டு எங்களுக்குத் தெரியாமத்தான் இருந்தது. எழும்பாத யானையக் கண்ட அறுபத்தி மூணு ஆக்கள் பேர், ஊர், எடுத்த இடத்தோட ஒப்பம் வெச்சுத் தந்திருக்கிறாங்க. சேர்த்துத் தந்த ஆளுக்கு நன்றி."

பூபாலபிள்ளை மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். தொண்டையைச் செருமினார்.

"தலைவர் என்ற முறையில், நேரம் போதாமையால், கூட்டத்தை ஒத்திவைக்கிறேன்."

"நேரம் கிடக்கு தம்பி" என்றாள் ஆயிஷா உம்மா. "வாசிக்கட்டும்."

"மகஜரை வாசிச்சதா எடுத்துக்கொள்ளலாம்."

"ஏலா" என்றாள் கண்ணகை. "தீர்மானம் நிறைவேறிட்டு. நீங்கதான் முன்மொழிஞ்ச."

"கண்ணகை, கீழயிருந்து மேல வாசிச்சா என்ன?"

அவள் கண்ணாடியை மாட்டினாள். தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"முதலாவது ஒப்பம்: நகல் விளையாட்டு எதிர்ப்புக் குழுத் தலைவர், சாமித்தம்பி பூபாலபிள்ளை."