சன்ஷேடில் நின்ற ஞாயிற்றுக்கிழமை

என் மாமனார் என்னை முதன்முதலாக "மாப்ளே" என்று கூப்பிட்டபோது நான் தரையில் இல்லை. மைசூர் விஜயநகரில், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் குளியலறை ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடின் மேல் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கீழே ஒரு தெருவே திரண்டு என்னைத் திருடன் என்று கத்திக்கொண்டிருந்தது. மாமனார் வந்ததும் அந்தத் திருடனைப் பிடிக்கத்தான். (உங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு சம்பந்தம் நடந்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.)

சொந்தத் தொழில் செய்கிறவன் ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர் வீட்டுக்கு வேலைக்குப் போகலாமா, கூடாதா என்று யாராவது கேட்டால் நான் வாயால் பதில் சொல்வதில்லை. வலது கால் முட்டியைக் காட்டுவேன்.

தொண்ணூறுகளில் நடந்தது இது. கர்நாடக எல்லையில் தமிழர்கள் வாழும் எங்கள் ஊர் மார்டள்ளியிலிருந்து மைசூருக்கு வந்து, ஒரு ஜவுளிக்கடையில் கண்ணாடி துடைக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். கொஞ்ச நாளில் எனக்கு ஞானம் பிறந்தது. அடுத்தவன் கடைக் கண்ணாடியை எதற்குத் துடைக்க வேண்டும்? நாமே ஒரு கம்பெனி ஆரம்பித்து அடுத்தவன் வீட்டுக் கண்ணாடியைத் துடைக்கலாமே! ஒரு சைக்கிள், ஒரு அலுமினிய ஏணி, இரண்டு பக்கெட், ஒரு வைப்பர். கம்பெனி தயார். முதலாளி, மேனேஜர், தொழிலாளி மூன்றும் நானே. விசிட்டிங் கார்டு அடித்தேன். என் பெயருக்குக் கீழே 'புரொப்ரைட்டர்' என்று போட்டு, அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் 'ஞாயிறு விடுமுறை' என்று போட்டிருந்தேன்.

அந்தக் கடைசி வரிக்குக் காரணம் செல்வி.

செல்வியின் குடும்பமும் மார்டள்ளிப் பக்கம்தான். அவளுடைய அப்பா மைசூரில் கட்டட மேஸ்திரி. நஞ்சன்கூடு ரோட்டுப் பக்கம் வீடு. செல்வி ஊதுபத்திக் கம்பெனியில் வேலை பார்த்தாள். பெரியவர்கள் பேச்சை ஆரம்பித்து, எங்கள் இருவரையும் கோயிலில் பார்க்க வைத்தார்கள். நான் என் தொழில், எதிர்காலம், வாங்கப்போகும் இரண்டாவது ஏணி என்று அளந்துகொண்டே போனேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம லீவுங்களா?"

"ஏனுங்க கேக்கறீங்க?"

"எங்கப்பா ஞாயித்துக்கெழம வீட்ல இருந்து நான் பாத்ததே இல்லீங்க. எப்பவும் காங்கிரீட்டு, காங்கிரீட்டுன்னு போயிருவாரு. பள்ளிக்கூடத்துல எல்லாரும் நேத்து எங்கப்பாகூட அங்க போனேன், இங்க போனேன்னு சொல்வாங்க. எனக்கு வர்றவராச்சும் வாரத்துல ஒரு நாள் வீட்ல இருக்கோணும். வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது சாதாரணமாகப் படவில்லை. "ஞாயித்துக்கெழம ஏணியத் தொடவே மாட்டனுங்க" என்று சாமி சாட்சியாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற மேஸ்திரியும் உணர்ச்சிவசப்பட்டு, "நானும் இனிமே ஞாயித்துக்கெழம வேலைக்குப் போவலம்மா" என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தார். ஒரே பிரகாரத்தில் ஒரே மூச்சில் இரண்டு ஆண்கள் திருந்தியதைப் பார்த்து அவளுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது என்று முடிவானது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தார் விஜயநகர் மேடம். அவருக்குப் பாங்கில் வேலை. கணவர் அரசாங்க அலுவலகத்தில் அதிகாரி. வீட்டில் மாடியும் கீழுமாக எங்கு பார்த்தாலும் கண்ணாடி.

"திங்கக்கிழமை அமெரிக்காலேர்ந்து தம்பி வர்றான். வார நாள்ல வீடு பூட்டி இருக்கும். சனிக்கிழமையும் அரை நாள் பாங்க். நீங்க சண்டே காலைல வந்து முடிச்சுக் கொடுத்துடுங்க" என்றார்.

"சண்டே லீவு மேடம்" என்று கார்டைக் காட்டினேன்.

மேடம் கார்டை வாங்கிப் படித்தார். "புரொப்ரைட்டர்தானே நீங்க? உங்களுக்கு யார் லீவு குடுக்கணும்? உங்களை மாதிரி சுத்தமா துடைக்கிறவங்க மைசூர்லயே இல்லைன்னு சொல்றாங்க."

யார் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. புகழ்ச்சி என்றால் எனக்கு முதுகெலும்பு கரைந்துவிடும். காலையில் போனால் மதியத்துக்குள் முடித்துவிடலாம், சாயங்காலம்தானே வெற்றிலை பாக்கு, விஜயநகர் எங்கே, நஞ்சன்கூடு ரோடு எங்கே, யாருக்குத் தெரியப்போகிறது என்று கணக்குப் போட்டேன். (என் கணக்குகள் எல்லாம் போடும்போது சரியாகத்தான் வரும்.)

வார நாட்களில் விஜயநகரில் வேலை செய்வது சுகம். ஆண்கள் அலுவலகத்தில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஏணியைப் போட்டோமா, துடைத்தோமா, இறங்கினோமா என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அப்படியில்லை. எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் யோசனை இருக்கிறது. அன்று நான் ஏணியைச் சாத்துவதற்குள் எதிர்வீட்டுப் பென்ஷன்காரர் ஈரத் துணியைவிடச் செய்தித்தாள்தான் கண்ணாடிக்கு நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் திரும்பி வந்து, கன்னடச் செய்தித்தாள்தான் நல்லது என்றும் சொன்னார்.

மேடம் கூடையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். "சார் உள்ள ரெஸ்ட்ல இருக்கார். நீங்க வர்றதை அவர்கிட்ட சொல்லலை, சண்டேன்னா கத்துவார். சத்தம் போடாம துடைங்க" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஏணியில் ஏறி, கீழ்வீட்டு ஜன்னல்களுக்கு மேலே வீட்டைச் சுற்றி ஓடும் சன்ஷேடில் நின்று, மாடி ஜன்னல்களைத் துடைக்க ஆரம்பித்தேன். அப்போது பக்கத்து வீட்டுக்காரர் பனியனோடு ஓடி வந்தார். அவர் வீட்டு ஆன்டெனாவைக் காகம் திருப்பிவிட்டதாம். டிவியில் ஞாயிறு காலைத் தொடர் ஆரம்பிக்கப்போகிறது, படம் முழுக்கப் புள்ளிபுள்ளியாக இருக்கிறதாம்.

"ஒந்தே நிமிஷ!" என்றார். கன்னடத்தில் ஒரே ஒரு நிமிடம் என்று அர்த்தம். நான் சரி என்பதற்குள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆன்டெனா சரியானது எனக்கே தெரிந்தது. தொடரின் பாட்டு தெருவில் எல்லா வீடுகளிலிருந்தும் ஒன்றாக எழும்பியது. அதோடு தெருவில் மனித நடமாட்டம் நின்றது. என் ஏணி அவருடைய மொட்டை மாடிச் சுவரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

நான் மெல்லக் கூப்பிட்டேன். பிறகு கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டேன். டிவியில் யாரோ யாரையோ சபித்துக்கொண்டிருந்தார்கள். என் குரல் எங்கே கேட்கும்? ஜன்னல் வழியாக உள்ளே இறங்கலாம் என்றால் எல்லாவற்றிலும் இரும்புக் கம்பி. மழைத்தண்ணீர்க் குழாயைப் பிடித்து இறங்கப் பார்த்தேன். குழாய் ஆடியது. பதறி மேலே ஏறியதில் சொரசொரப்பான சுவரில் முட்டி தேய்ந்து, பேன்ட் கிழிந்து, ரத்தம் வந்தது. வைப்பர் கை நழுவிக் கீழே ரோஜாச் செடியில் விழுந்தது. சாயங்காலம் நிச்சயதார்த்தம் உள்ள மாப்பிள்ளைக்கு இது தேவையா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

சார் உள்ளேதான் இருக்கிறார் என்பது ஞாபகம் வந்தது. சன்ஷேடிலேயே நகர்ந்து பின்பக்கம் போனேன். அங்கே ஒரு சின்ன ஜன்னல் திறந்திருந்தது. "சார்" என்று பணிவாகத் தலையை நீட்டினேன்.

சார் ரெஸ்டில் இல்லை. எண்ணெய்க் குளியலில் இருந்தார். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிய, ஒரு கோவணத்தோடு, கண்ணை மூடித் தொந்தியைத் தடவிக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தார். ஜன்னலில் என் தலை.

"கள்ள! கள்ள!" என்று அலறினார். கன்னடத்தில் திருடன் என்று அர்த்தம்.

நான் கூப்பிட்டது கேட்காத தெருவுக்கு இது கேட்டது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் கொட்டினார்கள். என் ஏணியை எடுத்துப்போன மகானுபாவர்தான் எல்லோருக்கும் முன்னால் நின்று, "இறங்க விடாதீங்க, ஓடிடுவான்!" என்று கன்னடத்தில் கத்தினார். (ஏணி உங்களிடம்தானே இருக்கிறது, எப்படி ஐயா ஓடுவேன்? அவருக்குத் தொடரின் விறுவிறுப்பில் என்னைச் சுத்தமாக மறந்துவிட்டது.) "அடுத்த தெருவுல வீடு கட்டறாங்க, அங்கேர்ந்து ஏணி கொண்டு வாங்க" என்றார் பென்ஷன்காரர்.

ஏணி வந்தது. நீளமான மூங்கில் ஏணி. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு, தலையில் துண்டும் முழங்கை வரை சிமென்டுமாக, "எங்கீடா அந்தத் திருட்டுப்பய?" என்று ஆவேசமாக ஓடி வந்தவர் செல்வியின் அப்பா.

அவர் மேலே பார்த்தார். நான் கீழே பார்த்தேன். அவர் வாய் மெல்லத் திறந்தது.

"மாப்ளே?"

எந்த நிலைமையிலும் மரியாதை முக்கியம் என்று, "வாங்க மாமா" என்றேன்.

"ஞாயித்துக்கெழம வேலை செய்ய மாட்டன்னு சாமி முன்னால சொன்னீங்க?"

"வேலை செய்யலீங்க மாமா. சும்மாதான் நிக்கறனுங்க."

யோசித்துப் பார்த்தால் அது முழு உண்மை. ஏணி போனதிலிருந்து நான் ஒரு கண்ணாடியைக்கூடத் தொடவில்லை.

"நீங்க எங்கீங்க மாமா இந்தப் பக்கம்?" என்று நானும் கேட்டேன்.

அவர் தன் சிமென்டுக் கைகளை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "நானும் சும்மாதான். ஏணி கொண்டாந்தேன்."

இதற்குள் சார் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட வாசலுக்கு வந்துவிட்டார். மேடமும் கூடையோடு வந்து, நான் யார் என்பதைத் தெருவுக்கு விளக்கினார். சாரின் கோபம் என்மேல்கூட இல்லை. "ஆறு நாள் டை கட்டிட்டு உட்கார்றேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் வீட்டுல நான் எண்ணெய் தேய்ச்சுட்டு நிக்கக் கூடாதா? வேலைக்காரனுக்கும் லீவு வேணும், வீட்டுக்காரனுக்கும் லீவு வேணும்!" என்று கன்னடத்தில் பிரசங்கம் செய்தார். அவ்வளவு எண்ணெய்க்கு நடுவிலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மாமாவும் "நிஜ சார், நிஜ" என்று தலையாட்டினார், சிமென்டைத் துடைத்துக்கொண்டே.

நான் இறங்கியதும் மாமா சார் வீட்டு டிஞ்சரை வாங்கி, தன் கையாலேயே என் முட்டியில் போட்டார். அப்படியே காதோரமாக, "மாப்ளே, நீங்க என்னைப் பாக்கல. நானும் உங்களைப் பாக்கல. செல்விக்குத் தெரிஞ்சா உங்களுக்குப் பொண்ணு இல்ல, எனக்குச் சோறு இல்ல" என்றார். கை கொடுத்துக்கொண்டோம்.

சாயங்காலம் புது பேன்ட், சட்டை போட்டு, காயத்தை மறைத்து, நொண்டாமல் நடந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமா குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, பகல் முழுக்கக் கோயிலில் இருந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பாயைக் காட்டினார்கள். நான் காலை மடக்கினேன். வலியில் முகம் லேசாகச் சுளித்திருக்க வேண்டும். மாமாவின் மனசு இளகிவிட்டது.

"காலை மடக்காதீங்க மாப்ளே. நீட்டி உக்காருங்க. முட்டி இழுக்கும்."

காபித் தட்டோடு வந்த செல்வி நின்றாள். என் பேன்ட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"பேன்ட்டுக்குள்ள இருக்கற முட்டி உங்களுக்கு எப்படிங்கப்பா தெரியும்?"

"கோயில்ல விழுந்தாராம்" என்றார் மாமா.

"பஸ்ல விழுந்தனுங்க" என்றேன் நான், அதே நொடியில்.

செல்வி தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் எங்கிருந்தீங்கன்னு சொல்லிட்டு அப்புறம் வெத்தலையத் தொடுங்க" என்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவள் இல்லாமல் எனக்கு எத்தனை ஏணி இருந்தும் பிரயோஜனமில்லை என்று அந்த நிமிடம்தான் உறைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மேடத்தின் புகழ்ச்சி, காகம், ஆன்டெனா, ஒந்தே நிமிஷ, சாரின் எண்ணெய், மூங்கில் ஏணி. நான் விட்ட இடங்களை மாமா நிரப்பினார்.

செல்வி முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தாள். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். "திருடன் திருடன்னு கத்துனாரே, அவருகிட்டதான் உங்க ஏணி இருந்துச்சா?"

"ஆமாங்க."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது. இந்தச் சிரிப்பை வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டும் என்று ஆசை வந்தது. "வெத்தலைய மாத்துங்க. ஆனா இன்னொரு ஞாயித்துக்கெழம மேல ஏறுனா, நானே ஏணிய எடுத்துருவேன்" என்றாள்.

எங்கள் முகூர்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அமைந்தது. சமையல்காரர், மேளக்காரர், ஐயர் எல்லோரும் வேலை செய்தார்கள். நானும் மாமாவும் மட்டும் விரலைக்கூட அசைக்கவில்லை. மாமா அதற்குப் பிறகு ஞாயிறன்று வெளியே போகவே இல்லை. சும்மா இருக்கவும் தெரியாததால், தன் வீட்டுச் சுவரையே வாராவாரம் பூசி, உள்ளே அறையைச் சின்னதாக்கிக்கொண்டு வந்தார்.

எங்கள் வீட்டு ஜன்னல்தான் மைசூரிலேயே அழுக்கான ஜன்னல். வார நாளில் ஊரார் கண்ணாடியைத் துடைக்கிறேன். ஞாயிறன்று சொந்த ஜன்னலுக்கும் ஏணி போட எனக்கு அனுமதியில்லை. விருந்தாளிகள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். செல்வி உடனே கதையை ஆரம்பித்துவிடுவாள்.

எங்கள் மகள் இப்போது கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். தமிழைவிடக் கன்னடம்தான் அவளுக்குச் சரளம். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு இலை போட்ட நேரத்தில் அவளுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. லேப்டாப்பைத் திறந்துகொண்டே, "ஒந்தே நிமிஷ, அம்மா!" என்றாள்.

செல்வி சாதக் கரண்டியோடு அவள் எதிரில் போய் நின்றாள்.

"அப்படிச் சொல்லித்தான் உங்கப்பாவோட ஏணிய எடுத்துட்டுப் போனாங்க. மூடு."

மகள் சிரித்துக்கொண்டே மூடினாள்.