"வண்டி இப்போ ஓடுதா சார்?"

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நான் நலம், உங்கள் அக்கா நலம், டிராக்டரும் நலம். மூன்றாவதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அத்தான், வண்டி நின்னப்போ நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" "ஓட்டிட்டிருந்தேன், பின்னே தூங்கிட்டா இருந்தேன்?" என்று போனை வைத்துவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று ஏக்கரில் பாதிகூட உழவில்லை, வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்குள் விதைக்காவிட்டால் இந்தப் போகமே போச்சு என்ற பதற்றம்.

புது வண்டி. பின்னால் ரோட்டவேட்டரை, அதாவது சுழலும் உழவுக் கத்திகளை, மாட்டி மண்ணைக் கிளற ஆரம்பித்தால் நாலு கஜம் போகும், டப்பென்று நிற்கும். திரும்ப முடுக்கினால் சமர்த்தாக ஓடும். கம்பெனிக்குப் போன் போட்டால் அரை மணி நேரம் பாட்டு, அப்புறம் ஒரு பெண் குரல். "வண்டி இப்போ ஓடுதா சார்?" பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லையே. "இப்போ ஓடுதும்மா." "அப்போ புகாரை முடிச்சிடறேன் சார்." இப்படி நாலு முறை முடித்தார்கள். கடைசியில் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்றார்கள். இரண்டு போட்டு, "இன்னும் முயற்சி தேவை" என்றும் சொன்னேன். உள்ளூர் மெக்கானிக் வந்து டீசல் ஃபில்டரை மாற்றி, பேட்டரி வயரை இறுக்கி, தானே ஏறி இரண்டு சுற்று ஓட்டினார். நிற்கவே இல்லை. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தால் மட்டும் அடங்கும் வகுப்பைப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான். நான் ஏறியதும் நின்றது.

நேற்று ஆழ்ந்து யோசித்து நானே கண்டுபிடித்தேன். சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்சு இருக்கிறது. ரோட்டவேட்டர் சுழலும்போது ஓட்டுகிறவர் எழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். தவறி விழுந்தால் கத்தியில் மாட்டக்கூடாதே என்ற நல்லெண்ணம். நானோ முப்பத்தாறு வருஷம் நின்றே பாடம் நடத்தியவன். கடைசி பெஞ்சு என்ன செய்கிறது என்று எழுந்து திரும்பிப் பார்க்காமல் எனக்கு வேலை ஓடாது. இங்கே கடைசி பெஞ்சு ரோட்டவேட்டர். உட்கார்ந்தேன், உழுதேன், விதைத்தாயிற்று. இதை எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டுகிறது. அப்பாடா!

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். குழந்தைகள் நன்றாக இருக்கட்டும்.

அன்புடன்,
அத்தான்

பின்குறிப்பு: "ஆழ்ந்து யோசித்து" என்ற இடம்வரை படித்துவிட்டு உங்கள் அக்கா பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள். உண்மை இதுதான். வரப்பில் நின்றவள், "ஏங்க, நீங்க எழுந்திருக்கிறப்போ எல்லாம் அதுவும் நிக்குது. சித்த உக்காந்துதான் ஓட்டுங்களேன்" என்றாள். "உனக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். "எஞ்சினைப் பத்தித் தெரியாது, உங்களைப் பத்தித் தெரியும்" என்றாள். வண்டியோடு வந்த புத்தகத்திலும் ஒன்பதாம் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. கேள்வித்தாளை இரண்டு முறை படி என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், அதுவரை அந்தப் புத்தகத்தின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஆகவே, அடுத்த முறை உங்கள் வீட்டில் எந்த இயந்திரம் நின்றாலும், கம்பெனிக்குப் போன் போடும் முன் பக்கத்தில் நிற்பவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "அது நின்னப்போ நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"